தரையில் நட்ட அறை

இடது கை, ‘மேட்’ என்கிற நார்ப் பாயை விரித்துப் பிடித்திருந்தது. பழைய கம்பளிபோல வெள்ளையாக, முடி முடியாக இருக்கும் கண்ணாடி நார் அது. வலது கை, ரெசின் பசையில் தோய்த்த பிரஷ்ஷால் அதைக் குத்திக் குத்தி நனைத்துக்கொண்டே வந்தது. தேய்க்கக் கூடாது. தேய்த்தால் நார் சுருண்டு பிரஷ்ஷோடு வந்துவிடும். வெள்ளை மறைந்து அடியிலிருக்கும் பச்சைப் பூச்சு தெரியும்வரை குத்த வேண்டும். பிறகு அந்தக் கை பிரஷ்ஷை வைத்துவிட்டு ரோலரை எடுத்தது. உள்ளே மாட்டிய காற்றை ஓரத்துக்குத் தள்ளியது. ஒரு மூலையில் சின்னக் கொப்புளம் நின்றது. நகத்தால் கீறி, காற்றைப் பிதுக்கி, மறுபடியும் ரோலரை ஓட்டியது. கொப்புளம் நின்ற இடத்தில்தான் பின்னால் உடையும். ரெசின் சூடேறி இறுகத் தொடங்கிவிட்டது. முழங்கைவரை சிவந்து தடித்திருந்த அந்தக் கைகள் சொறிவதற்குக்கூட நிற்கவில்லை. வலது புறங்கையில் தையல் போட்ட தழும்பு இன்னும் இளஞ்சிவப்பாக இருந்தது.

கைகள் பர்னபாஸுடையவை. தூத்துக்குடியிலிருந்து குலசேகரன்பட்டினம் போகும் கடற்கரைச் சாலையில் செம்மண்துறை என்ற ஊரில் ஃபைபர் வள்ளம் செய்கிறவர். அவர் அப்போது செய்துகொண்டிருந்தது வள்ளம் இல்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் பெண் ஆசிரியர்களுக்கான கழிப்பறையின் சுவர். இதற்கு முன்னாலும் அவர்களுக்கு ஓர் அறை செய்து கொடுத்திருந்தார். அந்த அறைக்குள் வைத்துத்தான் உமாராணி டீச்சரின் கை முறிந்தது.

பர்னபாஸ் இளவயதில் கடலுக்குப் போனவர். ஒரு நாள் விசைப்படகு ஒன்று இவர்கள் விரித்திருந்த வலையை அறுத்துக்கொண்டு போனது. நாலைந்து வள்ளங்கள் சேர்ந்து விரட்டின. நடுக்கடலில் ஏறி அடித்துக்கொண்டார்கள். பர்னபாஸ் துடுப்பை வீசியதில் விசைப்படகுக்காரன் ஒருவனின் தாடை இரண்டாகப் பிளந்தது. அவன் தண்ணீரில் விழுந்து, தன் பற்களையே துப்பியதை அவர் பார்த்தார். பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து வெளியே வந்தபோது அவரோடு கடலுக்குப் போக யாரும் கூப்பிடவில்லை. "ஏலே, உன் கையில துடுப்பு இருந்தா எனக்கு முதுகு கூசுது" என்று கூட்டாளியே சொல்லிவிட்டான்.

தூத்துக்குடியில் ஒரு ஃபைபர் பட்டறையில் வள்ளத்து அச்சு துடைக்கிற வேலை கிடைத்தது. யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. மற்றவர்கள் செய்வதைப் பார்த்தார். கழித்துப் போட்ட ரெசினைக் கொண்டுபோய்த் தனியாகக் கலந்து பார்த்தார். அதை இறுக வைக்கிற ஹார்டனர் கூடிப் புகைந்ததில் ஒரு தடவை மயங்கி விழுந்தார். கடைசியில் சொந்தமாக ஓர் அச்சு செய்து, ஊருக்கே வந்து கொட்டகை போட்டார். அவருடைய வள்ளத்துக்கு ஒரு பேர் இருந்தது: கனமே இருக்காது. ஆறு பேர் தூக்க வேண்டியதை நாலு பேர் மணலில் ஏற்றிவிடுவார்கள். அதில் அவருக்குக் கர்வமும் உண்டு.

அவர் மனைவி பிளாரன்ஸ் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறாள். ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள்.

"உமாராணி டீச்சர் இன்னைக்கு கரும்பலகையைப் பிடிச்சுக்கிட்டே சரிஞ்சிட்டு."

"என்னவாம்?"

"தண்ணி குடிக்காது. தூத்துக்குடி மில்லர்புரத்துல காலையில பஸ் ஏறினா, சாயங்காலம் வீட்டுக்குப் போயிதான் குடிக்கும். அங்கன டீச்சர்மாருக்குப் போவ ஒரு இடம் கிடையாதுல்லா. பிள்ளைகளுக்குக் கட்டினதுல கதவு இல்ல. பக்கத்து வீட்டுல போயி கேக்கணும். எத்தனை நாளைக்குக் கேக்கும்? நீர்க்கடுப்பு வந்து, காய்ச்சலோட வந்து பாடம் நடத்துது."

"பெரிய டீச்சர் என்ன செய்யுதாங்க?"

"அவுங்க மட்டும் என்ன, ஆம்பளையா?"

பெரிய டீச்சர் என்றால் தலைமை ஆசிரியை ஜீவமணி. சாத்தான்குளத்துக்காரி, ஓய்வுக்கு நெருங்கியவர். கழிப்பறை கேட்டு அவர் எழுதாத ஆள் இல்லை.

பர்னபாஸ் யாரையும் கேட்கவில்லை. கொட்டகையில் மிச்சமிருந்த மேட்டையும் ரெசினையும் வைத்து ஓர் அறையை வார்த்தார். தரை, சுவர், கூரை, உட்காரும் பீங்கான் இருக்க வேண்டிய இடத்தில் ஃபைபர்க் குழி எல்லாம் ஒரே துண்டு, வள்ளத்தைப் போல. ஒரு கதவு. மேலே காற்றுக்கு ஒரு நீளத் துளை. நாலு பேர் தோளில் வைத்துத் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மணலைச் சமன் செய்து இறக்கினார்கள். அடியில் குழாயை மாட்டினார். அவ்வளவுதான். வள்ளத்தை இறக்கினால் அது நின்ற இடத்தில் நிற்கும். அதைப் பூமியோடு சேர்த்துக் கட்ட வேண்டும் என்று வள்ளம் செய்கிறவனுக்கு எங்கிருந்து தோன்றும்?

அந்த வாரமே உமாராணி டீச்சர் தண்ணீர் பாட்டிலோடு வகுப்புக்குப் போனார் என்று பிளாரன்ஸ் வந்து சொன்னாள்.

பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. ஆடும் வரும், சீட்டு விளையாடுகிறவர்களும் வருவார்கள். அப்படித்தான் ஒரு முற்பகலில் கிங்ஸ்டன் குடித்துவிட்டு எட்டாம் வகுப்பு வாசலுக்கு வந்தான். அவன் மகள் அந்த வகுப்பில் படித்தாள்.

"ஏளா, எந்திரிச்சு வா. கருவாட்டுக் கொட்டகையில ஆள் இல்ல."

"ஸ்கூல் விட்ட பிறகு கூட்டிட்டுப் போங்க" என்றார் உமாராணி.

"எம் பிள்ளையை நான் கூப்பிடுதேன். நீ யாருட்டீ?"

அவன் உள்ளே நுழைந்து மகளின் சடையைப் பிடித்து இழுத்தான். அவள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். முகத்தில் அறைந்தான். மூக்கிலிருந்து ரத்தம் நோட்டில் சொட்டியது. இன்னொரு அறைக்குக் கை ஓங்கியபோது உமாராணி இரண்டு கையாலும் அவன் நெஞ்சில் தள்ளினார். குடித்திருந்த கால் வாசற்படியில் நிற்கவில்லை. மல்லாந்து மணலில் விழுந்தான். வகுப்பில் யாரோ ஒருத்தன் சிரித்தான். பயத்தில் வந்த சிரிப்புதான். ஆனால் அது மற்றவர்களுக்கும் பரவிவிட்டது. டீச்சர் கதவைச் சாத்தினார்.

சாப்பாட்டு வேளையில் கிங்ஸ்டன் திரும்பி வந்தான். கூட அவன் மச்சானும் இன்னொருவனும். அவன் கையில் நங்கூரத்துக்கு வளைக்கிற கம்பி. உமாராணி அப்போது பின்னாலிருந்த அறைக்குள் இருந்தார். அவர்கள் கதவை உடைக்கவில்லை. கதவுக்கு எதிர்ப்புறம் போய், மூன்று பேரும் தோளைக் கொடுத்து ஒரே தள்ளாகத் தள்ளினார்கள்.

அறை சரிந்தது. கதவு இருந்த பக்கம் மணலில் அப்பிக்கொண்டது. அடியிலிருந்த குழாய் முறிந்து கழிவு வழிந்தது. உள்ளேயிருந்தவர் ஊன்றிய வலது கை, அவர் உடம்பின் பாரத்தில் மணிக்கட்டுக்கு மேலே முறிந்தது. அந்தச் சத்தம் தன் காதுக்குக் கேட்டது என்று பின்னால் சொன்னார்.

கிங்ஸ்டன் கவிழ்ந்த அறையின்மேல் ஏறி நின்றான். கம்பியால் அடித்தான். உள்ளே இருந்தவருக்கு அது பறைக்குள் கிடப்பதுபோல இருந்திருக்கும். ஃபைபர் உடையவில்லை. உடையாதது அவனுக்கு வெறியை ஏற்றியது.

"சிரிங்கலே! இப்பம் சிரிங்க!" என்று பிள்ளைகளைப் பார்த்துக் கத்தினான்.

ஜீவமணி டீச்சர் ஓடிவந்து அவன் காலைப் பிடித்து இழுத்தார். அவன் குனிந்துகூடப் பார்க்காமல் உதைத்தான். குதிகால் வாயில் பட்டு உதடு கிழிந்தது. முன்பல் ஒன்று மணலில் விழுந்தது. பிளாரன்ஸ் அடுப்படியிலிருந்து கொதிக்கிற சாம்பாரை வாளியோடு தூக்கிக்கொண்டு வந்தாள். மச்சான்காரன் நெஞ்சில் ஊற்றினாள். அவன் சட்டையைக் கிழித்துக்கொண்டு ஓலமிட்டபடி கடல் பக்கம் ஓடினான். மற்றவன் அவன் பின்னாலேயே ஓடிவிட்டான்.

கொட்டகையில் பர்னபாஸ் அச்சிலிருந்து வள்ளத்தைக் கழற்ற மரச்சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடப் பக்கம் எழுந்த அலறலைக் கேட்டு அதே சுத்தியலோடு ஓடினார். கிங்ஸ்டன் வீசிய கம்பி அவர் புறங்கையைப் பிளந்தது. அவர் சுத்தியலை இடது கைக்கு மாற்றிக்கொண்டு அவன் முட்டியில் அடித்தார். அவன் கீழே விழுந்த பிறகு தோளில் அடித்தார். காறை எலும்பு முறிந்தது. அதற்கு மேலும் ஓங்கினார்.

"போதும்! அங்கன டீச்சர் கிடக்கு, தூக்குங்க!" என்று பிளாரன்ஸ் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

அவர்கள் இருவரும் பெரிய வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்து பிடித்ததும் அறை எழுந்துவிட்டது. அத்தனை லேசாக அது எழுந்ததைப் பார்த்தபோதுதான், தள்ளுவதற்கும் அது அத்தனை லேசாக இருந்திருக்கிறது என்று பர்னபாஸுக்கு உறைத்தது.

இரண்டு வழக்குகள் பதிவாயின. டீச்சரைத் தாக்கியதற்குக் கிங்ஸ்டன் மேல் ஒன்று. கிங்ஸ்டனின் எலும்பை முறித்ததற்குப் பர்னபாஸ் மேல் ஒன்று. ஊர்க் கமிட்டித் தலைவர் ராஜதுரை கொட்டகைக்கு வந்தார்.

"பர்னபாஸ், நல்லா யோசி. நீ ஏற்கெனவே உள்ள போயிட்டு வந்தவன். கோர்ட்டுல அந்தத் தாடைக் கதையும் வரும். அவன் உம்மேல உள்ள கேஸைத் திரும்ப வாங்கிருவான். நீ பார்த்ததைப் பார்க்கலன்னு சொல்லிரு. ரெண்டும் போயிரும்."

"டீச்சர் கை?"

"அது ஒட்டிரும்ல. அவுங்க வெளியூர்க்காரங்க. மாத்தல் வாங்கிட்டுப் போயிருவாங்க. நாம இங்கனதான சாவணும்."

"பெரிய டீச்சர் பல்லும் ஒட்டிருமாண்ணாச்சி?" என்று உள்ளேயிருந்து பிளாரன்ஸ் கேட்டாள்.

"உன் பொண்டாட்டிக்கு வாய் ஜாஸ்தி."

"சாம்பாரும் ஜாஸ்தியா இருக்கு. வேணுமா?"

ராஜதுரை எழுந்தார். "ஊர் பேச்சைக் கேக்கலன்னா, உங்கிட்ட எவனும் வள்ளம் கட்டக் குடுக்க மாட்டான். சொல்லிட்டேன்."

அன்று பகலிலேயே பர்னபாஸ் தூத்துக்குடிக்குப் பஸ் ஏறினார். ஆஸ்பத்திரியில் உமாராணி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கையில் மாவுக்கட்டு, நெற்றியில் தையல். பர்னபாஸ் கட்டில் ஓரம் நின்றுகொண்டே இருந்தார்.

"உக்காருங்க அண்ணாச்சி. கை எப்படி இருக்கு?"

"எங் கையை விடுங்க டீச்சர்."

உமாராணி சுவரிலிருந்து அவர் பக்கம் திரும்பினார். பிறகு டீச்சரே கேட்டார்.

"ஒண்ணு கேக்கணும்னு நெனச்சேன். அதை ஏன் தரையில நடாம விட்டீங்க?"

பர்னபாஸ் தலையைக் குனிந்துகொண்டார். "வள்ளத்தை யாரு டீச்சர் தரையில நடுவா?"

உமாராணிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் விலா வலித்து, கண்ணில் நீர் வந்தது. அது சிரிப்பா அழுகையா என்று பர்னபாஸுக்குத் தெரியவில்லை.

"டவுன்ல எங்க வீட்டுப் பக்கத்து ஸ்கூலுக்கே மாத்தல் தாரோம்னு சொல்லியிருக்காங்க. நான் போயிட்டா எட்டாங்கிளாசுக்குக் கணக்கு எடுக்க ஆள் கிடையாது. அந்தப் புள்ளை வாராளா?"

"கருவாட்டுக் கொட்டகையில இருக்கா."

பர்னபாஸ் ராஜதுரை வந்ததைச் சொன்னார். சாட்சி சொன்னால் தானும் உள்ளே போக வேண்டியிருக்கலாம் என்றும், ஆனாலும் சொல்லப்போவதாகவும் சொன்னார்.

"அப்படின்னா ஒரு காரியம்" என்றார் உமாராணி. "இனிமே நீங்க யார் மேலயும் கை வைக்கக் கூடாது. அவங்க என்ன செஞ்சாலும். நீங்க இன்னொரு தடவை அடிச்சீங்கன்னா, ரவுடி சொல்ற சாட்சின்னு தூக்கிப் போட்டுருவாங்க. எங் கை முறிஞ்சதும் பெரிய டீச்சர் பல்லு போனதும் சும்மாவே போயிரும்."

"சரி டீச்சர்."

"ரூமை மறுபடி செய்யுங்க. நட்டு வையுங்க. வழி ரெண்டு வேணும். ஒண்ணை அடைச்சா இன்னொண்ணு திறக்கணும். அதைப் பார்த்துட்டுத்தான் இருக்கதா போறதான்னு சொல்லுவேன்."

கிழிந்த உதட்டில் தையலோடு ஜீவமணி டீச்சர் அதே வாரம் தூத்துக்குடியில் கல்வி அலுவலக வாசலில் போய் உட்கார்ந்தார். சுற்றுவட்டாரப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூட வந்து உட்கார்ந்தார்கள். கேட்டது மூன்று: சுற்றுச்சுவர், காவலாள், கழிப்பறை. அதிகாரி வெளியே வந்து, கட்டடம் வரும், கொஞ்சம் பொறுக்க வேண்டும் என்றார்.

"பொறுக்குதோம் சார். அதுவரைக்கும் தண்ணி குடிக்காமப் பொறுக்கணுமா, அடி வாங்கிட்டுப் பொறுக்கணுமா, அதை மட்டும் சொல்லுங்க" என்றார் ஜீவமணி. பல் இல்லாத இடத்தில் சொல் காற்றாக வந்தது. யாரும் சிரிக்கவில்லை. சுற்றுச்சுவருக்கு அஸ்திவாரக் குழியான வானம் தோண்ட ஆள் வந்தது. கழிப்பறைக்கு அஸ்திவாரம் போட்டுக்கொள்ள அனுமதியும் சிமெண்டும் வந்தன.

ஜாமீனில் வெளியே வந்த கிங்ஸ்டன் ஒரு காலை நொண்டிக்கொண்டு, மச்சானோடு பட்டப்பகலில் கொட்டகைக்கு வந்தான். மச்சான் கையில் கோடாலி இருந்தது. பர்னபாஸ் புதுச் சுவருக்கு மேட் வெட்டிக்கொண்டிருந்தார். சுத்தியல் எட்டுகிற தூரத்தில் கிடந்தது.

"எங்கலே உன் வீரம்?" என்றான் கிங்ஸ்டன். "எடு."

பர்னபாஸ் எழுந்து நின்றார். பிளாரன்ஸ் வாசலில் நின்றாள்.

மச்சான் கோடாலியை ஓங்கி வள்ளத்து அச்சில் இறக்கினான். பச்சைத் தோல் பிளந்து, உள்ளே நார் வெளிறித் தெரிந்தது. அந்த அச்சை ஒரு மழைக்காலம் முழுக்கத் தேய்த்து, கன்னத்தை வைத்துப் பார்த்து, மறுபடி தேய்த்து எடுத்திருந்தார் அவர். அவர் செய்த எல்லா வள்ளங்களும் அதிலிருந்துதான் பிறந்தன. கோடாலி மறுபடியும் இறங்கியது. முனையான அணியப் பக்கம் தனியாக விழுந்தது.

"எடுலே! சுத்தியலை எடு! பொட்டப்பயலே!"

பர்னபாஸின் வலது கை தானாக நீண்டது. புறங்கைத் தையல் இழுத்தது. அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். தன் கையைத் தானே அத்தனை இறுக்கமாகப் பிடித்ததில் தையல் ஒன்று அறுந்து விரல் வழியே ரத்தம் சொட்டியது. கிங்ஸ்டன் பக்கத்தில் வந்து அவர் முகத்தில் காறித் துப்பினான். அவர் துடைக்கவில்லை. துடைக்கக் கையை அவிழ்த்தால் அது எங்கே போகும் என்று அவருக்கே தெரியாது.

கோடாலி ஓய்ந்தபோது அச்சு குப்பையாகக் கிடந்தது. தெருவில் கூட்டம் கூடியிருந்தது, ராஜதுரையும் நின்றார். பிளாரன்ஸ் எல்லாவற்றையும் போனில் பிடித்திருந்தாள். அதை ஸ்டேஷனில் காட்டியதும் கிங்ஸ்டனின் ஜாமீன் ரத்தானது. அவன் உள்ளே போன பிறகு, அவன் மனைவியே மகளைக் கூட்டிக்கொண்டு வந்து பள்ளிக்கூடத்தில் விட்டாள்.

வள்ளம் செய்ய அச்சு இல்லை. செய்யச் சொல்ல ஆளும் இல்லை. பர்னபாஸ் அறையை மட்டும் செய்தார். இரண்டு மடங்கு மேட் போட்டார். சுவரின் அடியில் உள்பக்கமாகப் பாதம்போல ஒரு விளிம்பு விட்டார். கொத்தனாரை வைத்து இடுப்பளவு தோண்டி கான்கிரீட் போட்டார். சாதா போல்ட்டை உப்புக் காற்று தின்றுவிடும் என்பதால் துருப்பிடிக்காத போல்ட்டைக் கான்கிரீட்டுக்குள் நட்டு, விளிம்பை அதில் இறக்கி முடுக்கினார். எதிரெதிரே இரண்டு கதவு, இரண்டுக்கும் உள்பக்கம் கனமான தாழ்ப்பாள். உள்ளே இருப்பவரை அடைத்துவிட வெளியே ஒரு கொண்டிகூட இல்லை. சாவி போடுகிற துளை மட்டும். தண்ணீர்க் குழாய். கைப்பை மாட்ட ஒரு கொக்கி. நாப்கின் போட மூடியுள்ள வாளி வைக்க ஒரு திட்டு. அது பிளாரன்ஸ் சொன்னது.

கட்டுப் பிரித்த பிறகு உமாராணி வந்தார். வகுப்புக்குப் போகவில்லை. நேராகப் பின்னால் வந்தார். ஜீவமணி டீச்சரும் கூட வந்தார்.

"தள்ளிப் பாருங்க" என்றார் பர்னபாஸ்.

உமாராணி இடது தோளைக் கொடுத்துத் தள்ளினார். அசையவில்லை. வானம் தோண்டிக்கொண்டிருந்த ஆட்களைக் கூப்பிட்டார். "மூணு பேர் வாங்க. நல்லா தள்ளுங்க. வெக்கப்படாம."

அவர்கள் மம்பட்டியைப் போட்டுவிட்டு வந்து, காலை ஊன்றித் தள்ளினார்கள். ஒருவனுக்குக் கால் வழுக்கியது. "இதைத் தள்ள ஜேசிபிதான் வரணும் டீச்சர்" என்றான்.

டீச்சர் உள்ளே போனார். ஒரு தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு மற்றது. வெளியே எல்லோரும் நின்றார்கள். குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. வெகுநேரம் அவர் வரவில்லை. ஜீவமணி ஓர் எட்டு முன்னால் வைத்தார். பிளாரன்ஸ் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். கடைசியில் எதிர்ப்பக்கத்துக் கதவு திறந்தது. உமாராணி முகம் கழுவியிருந்தார். சேலை முந்தானையால் துடைத்துக்கொண்டே சுற்றி வந்தார்.

"எட்டாங்கிளாசுக்கு இப்பம் என்ன பீரியட் டீச்சர்?" என்று ஜீவமணியிடம் கேட்டார்.

"கணக்குதான். அந்தப் பீரியடுக்கு இத்தனை நாளும் ஆள் ஏது?"

பர்னபாஸ் சட்டைப் பையிலிருந்து இரண்டு சாவியையும் எடுத்து நீட்டினார். உமாராணி வலது கையை நீட்டினார். விரல்கள் பாதிக்கு மேல் மடங்கவில்லை. இடது கையால் அவற்றை ஒவ்வொன்றாக மடக்கி, சாவியை உள்ளே வைத்து மூடிக்கொண்டார்.